நாலாம் பகுதிப் பாடத்தை யார் மதிப்பது?

(மேல்மலையனூரில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிப் பொதுப் பாடங்களில் புதுமையாகக் கற்பிக்கும் ஆசிரியர்களை எப்படி அங்கீகரிப்பது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. தலைப்பை அறிவித்தபோது பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரித்ததில் தப்பில்லை. பொதுப் பாடம் என்றால் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, வேறு துறையில் போய் உட்காரும் என்.எம்.இ. பாடம். தேர்வுக்கு முதல் நாள் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பதினைந்து பக்கம். அதில் புதுமை எங்கே, அங்கீகாரம் எங்கே என்று நினைத்திருப்பீர்கள்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்குவோம்.

நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது உங்கள் முதன்மைப் பாடம். சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, பிற துறை விருப்பப் பாடம் எல்லாம் நாலாம் பகுதி. நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவை ஐந்தாம் பகுதி. நாலாம் பகுதித் தாளுக்குப் பொதுவாக 2 கிரெடிட். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று முடிவு செய்யும்போது அந்த மதிப்பெண் கணக்கில் வராது. தேறினால் போதும்.

அந்த வகுப்பு எப்போது நடக்கிறது? மதியத்துக்குப் பிறகு, கடைசி மணி நேரத்தில். வளத்திக்கும் அவலூர்பேட்டைக்கும் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் அது. எங்கே நடக்கிறது? மூன்று துறைகளைச் சேர்த்து அடைத்த ஒரு பெரிய அறையில். யார் எடுக்கிறார்? பணிப்பளு குறைவாக இருப்பவர், புதிதாக வந்தவர், மறுத்துப் பேச முடியாதவர். அதாவது, பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்.

இதைக் கால அட்டவணைச் சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். சாதியை மேலே ஒருவர், கீழே ஒருவர் என்ற இரண்டு தட்டாக அண்ணல் அம்பேத்கர் பார்க்கவில்லை. படிப்படியாக ஏறும் ஏற்றத்தாழ்வு என்றார். ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் தனக்குக் கீழே இன்னொருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் உண்டு. அதனால்தான் அந்த ஏணி உடைவதில்லை. கல்லூரியைப் பாருங்கள். ஆய்வு மேலே, கற்பித்தல் கீழே. கற்பித்தலுக்குள் முதுகலை மேலே, இளங்கலை கீழே. இளங்கலைக்குள் முதன்மைப் பாடம் மேலே, பொதுப் பாடம் கீழே. நிரந்தரப் பேராசிரியர் மேலே, கௌரவ விரிவுரையாளர் கீழே. ஏணியின் கடைசிப் படியில் நிற்கும் ஆசிரியரிடம் கடைசி மணி நேரத்தைக் கொடுத்து, "மாணவர்களுக்கு மனித மாண்பைச் சொல்லிக்கொடு" என்கிறோம்.

அந்த ஆசிரியரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல கல்லூரிகளில் பாதி வகுப்பு நடக்காது. மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019இல் வரையறுத்தது. நம் மாநிலத்தில் 20,000 ரூபாய் 25,000 ரூபாயாக உயரவே பல போராட்டங்கள் தேவைப்பட்டன. அதுவும் வருடத்தில் பதினொரு மாதம்தான். முனைவர் பட்டம் முடித்து, தகுதித் தேர்வில் தேறி, பத்து பதினைந்து வருடம் இப்படியே ஓட்டியவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தப் பாடம் எதற்கு, எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். எடுக்கக் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். ஜான் டூயி அங்கே அவருக்கு ஆசிரியர். ஜனநாயகம் என்பது ஆட்சி முறை மட்டுமல்ல, மக்கள் ஒருவரோடொருவர் கலந்து வாழும் முறை என்பது டூயியின் பார்வை. பின்னாளில் அம்பேத்கர் சாதியை எதிர்த்து எழுதியதில் இந்தக் கருத்து ஆழமாக ஓடுகிறது. அதே கொலம்பியாவில், முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919இல், எந்தத் துறை மாணவராக இருந்தாலும் சேர்ந்து உட்கார்ந்து சமகாலச் சமூகத்தின் பிரச்சினைகளைப் படிக்க வேண்டும் என்று ஒரு பொதுப் பாடம் தொடங்கினார்கள். இன்றுவரை அது நடக்கிறது. சிறு சிறு வகுப்பு, விவாதம்தான் முறை. பொதுக்கல்வி என்ற கருத்து உலகம் முழுக்கப் பரவியதில் அந்தப் பாடத்துக்கு முக்கிய இடமுண்டு.

இந்தியாவில் 1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப்படிப்பில் பொதுக்கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுற்றுச்சூழல் பாடம் வந்த வழி வேறு. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. பன்னிரண்டு வருடம் ஆகியும் ஒழுங்காக நடக்கவில்லை என்பதால் 2003இல் மீண்டும் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் எல்லாப் பட்டப்படிப்புக்கும் ஆறு மாதப் பாடமாக யுஜிசி அதைக் கொண்டுவந்தது. நீதிமன்றப் படியேறி வாங்கிய பாடத்தைத்தான் நாம் ஜெராக்ஸ் கடையில் விட்டுவைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வணிகவியல் மாணவரும் வேதியியல் மாணவரும் தமிழ் இலக்கிய மாணவரும் ஒரே அறையில் உட்காரும் இடங்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று நாலாம் பகுதி. ஊரிலிருந்து வருபவரும் காலனியிலிருந்து வருபவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து "நாம் எப்படிச் சேர்ந்து வாழ்கிறோம்" என்று பேசுவதைப் பாடத்திட்டமே அனுமதிக்கும் இடமும் அதுதான். சாதி ஒழிப்பில் அக்கறை உள்ளவர்கள் அந்த அறையைக் கைவிடலாமா?

அந்த அறையில் நல்ல ஆசிரியர் என்ன செய்ய முடியும்? தொலைவில் போக வேண்டாம், இந்த வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம்.

மதிப்புக் கல்வியில் சமத்துவம் என்று ஓர் அலகு இருக்கிறது. கைடில் அதற்கு நாலு வரி விளக்கம் இருக்கும். இந்த ஊர் அங்காளம்மன் கோவிலை எடுங்கள். பிராமணர் அல்லாத பருவதராஜ குல மீனவர்கள் பரம்பரையாகப் பூசை செய்யும் கோவில் இது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1970இல். அந்தச் சட்டத்தின் நோக்கப்படி பயிற்சி பெற்றவர்கள் பெரிய கோவில்களில் நியமன ஆணை வாங்க 2021 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோவிலுக்குள் தலித் மக்கள் நுழைவதைத் தடுத்ததால் எழுந்த மோதலில் 2023 ஜூனில் கோவிலையே பூட்டி முத்திரை வைக்க வேண்டிவந்தது. பூசாரி பிராமணர் இல்லை என்றால் சாதி போய்விட்டதா? இந்த ஒரு கேள்வியோடு வகுப்புக்குள் போனால் ஒரு மணி நேரம் போதாது. யாரையும் புண்படுத்தத் தேவையில்லை. இந்த உண்மைகளை வரிசையாக வைத்தாலே மாணவர்கள் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சுற்றுச்சூழல் பாடத்துக்கு வாருங்கள். மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடும் ஊர் இது. அன்றைக்கு எல்லோரும் மயானத்துக்குப் போகிறோம். மற்ற நாட்களில் யாருடைய மயானம் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு மாணவரும் தன் ஊரை ஒரு தாளில் வரையட்டும். ஏரி எங்கே, மேல்நிலை நீர்த்தொட்டி எங்கே, குப்பை கொட்டும் இடம் எங்கே, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை சுடுகாடு, சுடுகாட்டுக்குப் போகும் பாதை யாருடைய வயல் வழியாகப் போகிறது? நாற்பது ஊர் வரைபடங்களை வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். நீரும் நிலமும் கழிவும் எந்தக் கோட்டில் பிரிகின்றன என்று மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். பிறகு 2013ஆம் ஆண்டின் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அப்போது அது அவர்கள் ஊரின் சட்டமாகத் தெரியும்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் காலத்து ராணுவ நிலப்பரப்பு என்று சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். நமக்குப் பெருமைதான். ஆனால் ராஜகிரிக்கு மேலே அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் யார்? பக்கத்தில் திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. இந்த மண்ணில் சமணம் எப்படி இருந்தது? தேசிங்குராசன் கதைப்பாடலில் உயிர் கொடுக்கும் நண்பன் ஒரு முஸ்லிம். அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடியவர்கள் யார்? வரலாறு படிக்காத வேதியியல் மாணவருக்கு என்.எம்.இ. பாடத்தில் இதைவிட நல்ல ஆறு மாதம் என்ன இருக்க முடியும்?

இப்படிக் கற்பிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கொருவர் இங்கொருவராக, யாருக்கும் தெரியாமல் செய்கிறார்கள். அவர்களுக்கு நம் அமைப்பு என்ன தருகிறது?

யுஜிசியின் 2018 விதிமுறைகளைப் பாருங்கள். பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் கற்பித்தலுக்கு ஒரு வரி இருக்கிறது. ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் "நன்று", 70க்கு மேல் என்றால் "திருப்தி". அவ்வளவுதான். வகுப்பில் என்ன நடந்தது என்ற கேள்வியே இல்லை, நடந்ததா என்பதோடு முடிந்துவிடுகிறது. இன்னொரு அட்டவணையில் புள்ளிகள் வருகின்றன. ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் அறிவியலுக்கு 8, கலைப் பாடங்களுக்கு 10. நான்கு கிரெடிட் இணையவழிப் பாடம் ஒன்றை முழுமையாகத் தயாரித்தால் 20. புதுமையான கற்பித்தல் முறையை உருவாக்கினால் 5. அந்த 5 புள்ளியும் கணினிவழிக் கற்பித்தல் என்ற தலைப்புக்குள்தான் இருக்கிறது. சாக்பீஸும் நாற்பது ஊர் வரைபடமும் வைத்துக்கொண்டு செய்வதற்கு அந்தத் தலைப்பில் இடம் தேட வேண்டும்.

2025 ஜனவரியில் வந்த வரைவு விதிமுறைகளில் இந்தப் புள்ளிக் கணக்கைக் கைவிட்டு, ஒன்பது வகைப் பங்களிப்புகளைப் பட்டியலிட்டார்கள். அதில் முதலாவது புதுமையான கற்பித்தல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பட்டியலில் ஸ்டார்ட்-அப், இந்திய அறிவு மரபு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. துணைவேந்தர் தேர்வில் மாநில அரசின் பங்கை எடுத்துவிடும் பிரிவும் அதே வரைவில்தான் இருந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் அந்த ஜனவரியிலேயே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. எது புதுமை என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேல்பாதியைப் பற்றிப் பேசிய வகுப்பு அவர்கள் கண்ணுக்குப் புதுமையாகத் தெரியுமா, குற்றமாகத் தெரியுமா?

விருது பக்கம் போவோம். பள்ளி ஆசிரியர்களுக்குப் பல பத்தாண்டுகளாக நல்லாசிரியர் விருது இருக்கிறது. உயர்கல்வி ஆசிரியர்களைத் தேசிய விருதுக்குள் கொண்டுவந்ததே 2023இல்தான். அந்த வருடம் நாடு முழுவதும் உயர்கல்வியிலிருந்து 13 பேர். இந்த எண்ணிக்கையில் நாலாம் பகுதி ஆசிரியர் எங்கே வருவார்?

இதே வட்டாரத்தில் உங்களுக்கெல்லாம் தெரிந்த பேராசிரியர் பிரபா கல்விமணியை நினைத்துப் பாருங்கள். திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். இருளர் மக்களுக்காகப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், திண்டிவனத்தில் தாய்த்தமிழ்ப் பள்ளி என்று வாழ்க்கையையே கொடுத்தவர். பாடத்துக்கும் சமூகத்துக்கும் இடையிலுள்ள சுவரை இடித்த அந்த வேலையை எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

அம்பேத்கரும் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1918 முதல் 1920 வரை பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தார். வேறு கல்லூரி மாணவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் வகுப்புக்கு வந்தார்கள். சக பேராசிரியர்கள் சிலர் அவர் பொதுத் தண்ணீர்ப் பானையில் குடிப்பதை எதிர்த்தார்கள். மாணவர்களிடமிருந்து வந்த அங்கீகாரத்தையும், சக ஆசிரியர்களிடமிருந்து வந்த அவமதிப்பையும் அவர் ஒரே கட்டடத்தில் பார்த்தார். 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேசும்போது, ஏழைகளின் வாசலுக்கு உயர்கல்வியைக் கொண்டுபோவது பல்கலைக்கழகத்தின் அடிப்படை வேலை என்று அவர் வாதிட்டார். அந்த வாசல் இன்று ஓரளவு திறந்திருக்கிறது. 2021–22 கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேர்பவர் விகிதம் நாட்டுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர்கள் நிறைய. அவர்கள் வந்து உட்காரும் வகுப்பின் தரத்தைப் பற்றிப் பேசுவதும் சமூகநீதிதான்.

ஒரு மறுப்பு வரும். "விருது என்பதே போட்டி. பத்துப் பேரை ஓடவிட்டு ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவது. சாதியை எதிர்ப்பவர்கள் இன்னொரு ஏணியைக் கேட்கலாமா?" நியாயமான கேள்வி. பொன்னாடை நமக்கு வேண்டாம். நான் கேட்கும் அங்கீகாரம், நன்றாகச் செய்த வேலை கண்ணில் பட வேண்டும், அடுத்தவருக்குப் பயன்பட வேண்டும், செய்தவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான். சில கோரிக்கைகளாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், நாலாம் பகுதி மதிப்பெண் மொத்தக் கணக்கில் சேர வேண்டும். வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் கூடாது. கடைசி மணி நேரத்தில் தள்ளக் கூடாது. பாடத்துக்கே மதிப்பு கொடுக்காமல் அதன் ஆசிரியருக்கு மதிப்பு கொடுக்க முடியாது.

இரண்டாவது, கௌரவ விரிவுரையாளர்கள் இதற்கு முழுத் தகுதி உடையவர்கள் என்று எழுத்தில் வர வேண்டும். அவர்கள் உருவாக்கிய பாடத்திட்டம் அனுபவச் சான்றிதழில் ஏற வேண்டும், நிரந்தரப் பணித் தேர்வில் அதற்கு மதிப்பெண் வேண்டும். நியாயமான சம்பளமும் பன்னிரண்டு மாத வேலையும் தராமல் சான்றிதழ் மட்டும் தருவது ஏமாற்று.

மூன்றாவது, எப்படி மதிப்பிடுவது? இப்போது ஆசிரியரே விண்ணப்பம் போட்டு, போட்டோ ஒட்டி, முதல்வர் கையெழுத்து வாங்கி அனுப்பும் முறைதான் பெரும்பாலும் இருக்கிறது. போட்டோ எடுக்கத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். அதற்குப் பதிலாக மாணவர்கள் செய்த வேலையைப் பாருங்கள், வரைபடங்களை, நேர்காணல்களை, எழுதிய பக்கங்களைப் பாருங்கள். வேறு கல்லூரி ஆசிரியர் இருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும். மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் நம்பக் கூடாது. பெண் ஆசிரியர்களுக்கும் கறுப்பின ஆசிரியர்களுக்கும் மாணவர் மதிப்பீட்டில் பாரபட்சம் நேர்வதை அமெரிக்காவில் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கே ஆசிரியரின் சாதி தெரிந்த வகுப்பில் அந்தப் படிவத்தில் எது விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பிடும் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியர்கள், பெண்கள், கௌரவ விரிவுரையாளர்கள், அந்தப் பாடம் படித்து முடித்த மாணவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

நான்காவது, மிக முக்கியமானது, பாதுகாப்பு. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் அறநெறி வகுப்பு கட்டாயம் என்றது. நல்லது. ஆனால் அந்த வகுப்பில் சாதியைப் பற்றி நேராகப் பேசும் ஆசிரியருக்கு மறுநாள் என்ன நடக்கும்? ஊர்ப் பெரியவர்கள் முதல்வர் அறைக்கு வருவார்கள், புகார் மனு போகும், கௌரவ விரிவுரையாளர் என்றால் அடுத்த வருடம் அழைப்பு வராது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை மாணவர்களிடம் ஊர் வரைபடம் வரையச் சொன்னதற்காக "தேவையில்லாத வேலை" என்று விளக்கம் கேட்கப்பட்டார். பாடத்திட்டத்துக்குள் நின்று அரசமைப்புச் சட்டத்தின் 15, 17ஆம் பிரிவுகளைக் கற்பிக்கும் ஆசிரியர் மீது வரும் புகாரை, வெளியாள் இருக்கும் குழு விசாரிக்காமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விட வேண்டும். விருதைவிட அந்தச் சுற்றறிக்கை பெரியது.

ஐந்தாவது, பணம். பெரிய தொகை இல்லை. மாணவர்களைத் திருநாதர்குன்றுக்கு அழைத்துப்போக பஸ் செலவு, ஊர் முதியவர்களைப் பதிவு செய்ய ஒரு கருவி, பாடத்திட்டத்தை அச்சிட்டு மற்ற கல்லூரிகளுக்கு அனுப்பும் செலவு. விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கின்றன. வருடத்துக்கு ஒருநாள் எல்லாக் கல்லூரிகளின் நாலாம் பகுதி ஆசிரியர்களும் கூடி, தாங்கள் செய்ததை ஒருவருக்கொருவர் காட்டட்டும். ஒருவர் தோளில் பொன்னாடை விழுவதைவிட, ஒருவருடைய பாடத்தை நாற்பது பேர் எடுத்துப் போவது உண்மையான அங்கீகாரம்.

மாணவத் தோழர்களே, இதெல்லாம் அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. மதிப்புக் கல்வி வகுப்பில் கைடை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். ஆசிரியர் தயங்கினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான். நீங்கள் கூட நிற்பீர்கள் என்று தெரிந்தால் அவர் பேசுவார். ஒரு வகுப்பு உங்களை மாற்றியிருந்தால் அதை எழுதுங்கள், முதல்வருக்கு ஒரு பிரதி, அந்த ஆசிரியருக்கு ஒரு பிரதி. பேராசிரியர் சங்கங்களில் இருக்கும் தோழர்கள் அடுத்த கோரிக்கை மனுவில் சம்பளத்துக்குப் பக்கத்தில் நாலாம் பகுதியையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

இந்த ஊரிலிருந்து அடுத்த ஜூன் மாதம் முதல் வருட வகுப்பில் போய் உட்காரப்போகும் ஒரு பெண்ணுக்கு, மனித மாண்பு என்பது தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்யும் நாலு வரியா, தன் தெருவிலிருந்து தொடங்கும் கேள்வியா என்பது அந்தக் கடைசி மணி நேரத்தில்தான் முடிவாகிறது. அந்த மணி நேரத்தை நாம் கேட்டு வாங்குவோம்.